நெல்லைப் போல நிற்கும் புல்: கூர்ப்பா, வடிவமைப்பா?

காலபோகத்தில் வயலுக்குள் இறங்கிக் களை பிடுங்கியவர்களுக்கு அந்தப் புல்லைத் தெரிந்திருக்கும். நெல்லோடு நெல்லாக நிற்கும். அதே பச்சை, அதே நிமிர்ந்த தாள், ஏறத்தாழ அதே உயரம். கதிர் வரும்வரை பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். என் அம்மா கண்ணை மட்டும் நம்ப மாட்டார். இலை தண்டோடு சேரும் இடத்தைப் பெருவிரலால் விரித்துப் பார்ப்பார். நெல் என்றால் அந்த இடத்தில் வெள்ளையாக, சவ்வு போல மெல்லிய ஒரு சின்ன நாக்கு இருக்கும். இந்தப் புல்லுக்கு அது கிடையாது. நாக்கு இல்லையென்றால் வேரோடு வரம்புக்கு வந்துவிடும்.

குதிரைவாலித் தானியத்துக்கு நெருங்கிய சொந்தம் இது. எக்கினோக்குளோவா என்பது பேரினப் பெயர். இது ஏன் இவ்வளவு அச்சாக நெல்லைப் போல இருக்கிறது என்று நான் பல வருடம் யோசித்ததே இல்லை. உயர்தர உயிரியல் படிக்கும் பெடியன் ஒருவன் வேறொரு கேள்வியோடு வந்தபோதுதான் இந்தப் புல் நினைவுக்கு வந்தது.

“ரீச்சர், கூர்ப்பு எண்டது பிழையாம். பற்றீரியாவில மோட்டார் மாதிரி ஒண்டு சுத்துதாம். அது தன்பாட்டில வந்திருக்க ஏலாதாம். ஆரோ ஒரு அறிவாளி செய்துதான் இருக்கவேணுமாம். ஒரு வீடியோவில சொல்லுகினம். உண்மையோ?”

அவன் கேட்டது நல்ல கேள்வி. அந்த வீடியோ சொல்வதற்கு ஒரு பெயர் உண்டு: அறிவார்ந்த வடிவமைப்பு. அமெரிக்காவில் நீதிமன்றம்வரை போன வாதம் அது. அவனுக்குச் சொன்னதையும், நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து, உயிரியல் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி இங்கே எழுதுகிறேன்.

கூர்ப்பு என்றால் என்ன?

தமிழ்நாட்டில் பரிணாமம் என்பார்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் கூர்ப்பு. பெயரைவிட அது நடக்கும் விதம்தான் முக்கியம். அதற்கு அந்தப் புல்லே போதும்.

ஒரு வயலில் ஆயிரம் புல் முளைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. சிலது படர்ந்து போகும், சிலது நிமிர்ந்து நிற்கும். சிலதின் அடித்தண்டு சிவப்பு, சிலதினது பச்சை. இந்த வேறுபாடுகளில் பல விதை வழியாகப் பிள்ளைக்கும் போகும். அப்புறம் மனிதர் வருகிறார்கள். படர்ந்ததும் சிவந்ததும் தூரத்திலேயே கண்ணில் படும்; பிடுங்கிவிடுவார்கள். நெல்லைப் போலப் பச்சையாக நிமிர்ந்து நிற்பது தப்பும். தப்பியது விதை கொட்டும். அடுத்த போகத்தில் முளைப்பவற்றில் தப்பியவற்றின் பிள்ளைகளே அதிகம். இப்படியே நூற்றுக்கணக்கான போகம் போனால், வயல் முழுக்க நெல்லின் சாயல் கொண்ட புல் நிற்கும்.

இங்கே யாரும் புல்லை வடிவமைக்கவில்லை. களை பிடுங்கிய பெண்களில் ஒருவரும் புல்லை நெல் போல ஆக்கவேண்டும் என்று நினைத்தவர் இல்லை. அவர்கள் விரும்பியது நேரெதிரானது. புல்லுக்கும் யோசிக்கத் தெரியாது. ஆனாலும் வந்து நிற்பது, யாரோ திட்டம் போட்டுச் செய்த வேஷம் போலவே இருக்கிறது. வடிவமைத்தது போலத் தெரியும் ஒன்று, வடிவமைப்பவர் இல்லாமலே வரமுடியும் என்பதை நான் முதலில் விளங்கிக்கொண்டது இந்தப் புல்லில்தான். சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் இதே புல்லின் டி.என்.ஏ.வை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். அங்கே நெல்லைப் போன்ற வகை சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் பிரிந்து வந்திருக்கிறது என்பது அவர்களது கணிப்பு.

களைகள் பயிரைப் போல மாறுவதைக் கவனித்து எழுதியவர் நிக்கோலாய் வவிலோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி. கோதுமை வயலில் களையாக ஒளிந்திருந்த புல்லரிசி (rye), கோதுமையைப் போலவே ஆகி, கடைசியில் தானும் ஒரு பயிராகிவிட்டது என்று அவர் காட்டினார். அந்த மனிதரின் முடிவு கொடுமையானது. பரம்பரையியலைப் பொய் என்று சொன்ன ஸ்டாலின் ஆட்சி அவரைச் சிறையில் போட்டது. உலகத்தின் பசியைப் போக்க விதை சேர்த்துத் திரிந்தவர், 1943இல் சிறையில் பட்டினியால் இறந்தார். உயிரியலை எதிர்த்தவர்கள் மதவாதிகள் மட்டும் என்று பேசும்போதெல்லாம் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருவார். அந்த ஆட்சி கடவுளை மறுத்த ஆட்சி.

வயலில் மனிதக் கண் செய்ததை, காட்டிலும் கடலிலும் வரட்சியும் நோயும் பசியும் எதிரிகளும் செய்கின்றன. அதற்குப் பெயர் இயற்கைத் தேர்வு. சார்ள்ஸ் டார்வினும் அல்பிரட் ரசல் வொலசும் தனித்தனியே இதைக் கண்டடைந்தார்கள். 1858இல் இருவரது கட்டுரைகளும் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு டார்வினின் நூல் வெளிவந்தது.

‘பழகிப்போச்சு’ என்ற சொல்

வன்னியில் என் வயதுக்காரர்களுக்கு மலேரியாவைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. போர்வைமேல் போர்வை போட்டும் நடுங்கிய உடம்பும், குளோரோகுயின் குளிசையின் கசப்பும் இன்னும் நினைவில் இருக்கும்.

1963இல் இலங்கை முழுவதற்கும் பதிவான மலேரியா நோயாளர்கள் 17 பேர் மட்டுமே. வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. என்ற பூச்சிகொல்லி அடித்ததன் பலன். நோய் போய்விட்டது என்று எண்ணித் தெளிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் ஐந்து இலட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். திரும்ப டி.டி.ரி. அடித்தபோது முன்னைப்போல அது கேட்கவில்லை. இங்கே மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு நுளம்பு அதற்கு ஈடுகொடுக்கத் தொடங்கியிருந்தது. 1977இல் மலத்தியோன் என்ற வேறு பூச்சிகொல்லிக்கு மாறவேண்டி வந்தது.

இதை எங்கள் ஊரில் ‘நுளம்புக்கு மருந்து பழகிப்போச்சு’ என்று சொல்வார்கள். சொல்லில் ஒரு சின்னப் பிழை இருக்கிறது. கூர்ப்பைப் பற்றிய குழப்பத்தில் பாதி அந்தப் பிழையிலிருந்துதான் வருகிறது. எந்த ஒரு நுளம்பும் மருந்துக்குப் பழகவில்லை. கோடிக்கணக்கான நுளம்புகளில் ஒரு சிலவற்றுக்கு, பரம்பரை அலகில் தற்செயலாக நேர்ந்த ஒரு மாற்றம் இருக்கும். அதை விகாரம் என்கிறோம். மருந்து இல்லாத காலத்தில் அதனால் பெரிய பயன் இல்லை. மருந்து வந்ததும் மற்றவை செத்துப்போக, அந்தச் சில எஞ்சி முட்டையிட்டன. மாறியது நுளம்புக் கூட்டம். தனி நுளம்பு பிறந்தபடியே இருந்து பிறந்தபடியே செத்தது.

விகாரம் தற்செயல், தேர்வு தற்செயல் அல்ல. ‘எல்லாம் தற்செயலாக வந்தது என்று கூர்ப்பு சொல்கிறது’ என்று யாராவது சொன்னால், அவர் பாதியை மட்டும் கேட்டிருக்கிறார்.

இன்னொன்றும் அடிக்கடி கேட்பேன்: ‘குரங்கில இருந்து மனிசன் வந்தால், ஏன் இப்பவும் குரங்கு இருக்கு?’ யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் ஒரு கிளை கிளிநொச்சியில் காணி கிடைத்துக் குடியேறியது என்றால், யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் கிளிநொச்சிக்காரருக்குப் பாட்டன் பாட்டி ஆகிவிட மாட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே பூட்டனின் பிள்ளைகள். முற்றத்து முருங்கையில் ஏறும் குரங்கும் நாங்களும் அப்படித்தான். எங்களுக்கும் அதற்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து இரண்டரைக் கோடி ஆண்டாவது இருக்கும். சிம்பன்சியோடு பொதுவான மூதாதை அதைவிடக் கிட்ட, ஏறத்தாழ 60, 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்.

இந்த உறவுக்கு ஒரு சாட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். கலத்துக்குள் பரம்பரை அலகுகளைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் மனிதருக்கு 46. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 48. மூதாதை ஒன்றுதான் என்றால், எங்கள் வழியில் எங்கோ இரண்டு சோடி நிறமூர்த்தங்கள் ஒட்டி ஒரு சோடியாகி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கொள்கைக்கே இடி. பார்த்தார்கள். எங்கள் இரண்டாம் நிறமூர்த்தத்தின் நடுவே, நிறமூர்த்தங்களின் நுனியில் மட்டும் இருக்கவேண்டிய டி.என்.ஏ. தொடர் இருக்கிறது, கயிறு இரண்டை முடிந்த இடம் போல. நுனி நடுவில் இருக்க வேறென்ன காரணம்?

இத்தனை மாற்றத்துக்குக் காலம் போதுமா என்றால், காலடியைப் பார்க்கலாம். இலங்கையின் அடிப்பாறைப் பிரிவுகளில் ஒன்றுக்குப் புவிச்சரிதவியலாளர்கள் வைத்த பெயரே வன்னித் தொகுதி. அதன் பாறைகள் சுமார் 100 கோடி ஆண்டுப் பழமை கொண்டவை. முல்லைத்தீவுப் பக்கமிருந்து யாழ்ப்பாணம், மன்னார் என்று கரையோரமாகப் போகும் சுண்ணக்கல்லோ மயோசீன் காலத்தது, அதாவது சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது. அதற்குள் கடலுயிர்களின் உயிர்ச்சுவடுகள் கிடக்கின்றன.

மறுபக்கம் என்ன சொல்கிறது?

வடிவமைப்பு வாதம் பழையது. வில்லியம் பேலி என்ற ஆங்கில மதகுரு 1802இல் அதை அழகாகச் சொன்னார். வெட்டவெளியில் நடக்கும்போது கல்லொன்று காலில் தட்டினால் அது எப்போதும் அங்கேதான் கிடந்தது என்று விட்டுவிடலாம். மணிக்கூடு ஒன்று கிடந்தால் அப்படி விடமுடியாது. அதைச் செய்தவர் ஒருவர் இருக்கவேண்டும். கண்ணும் சிறகும் மணிக்கூட்டைவிட நுட்பமானவை, ஆகவே அவற்றுக்கும் ஒருவர் வேண்டும் என்பது அவர் வாதம். டார்வின் இளம் வயதில் பேலியை விரும்பிப் படித்தவர். அந்தக் கேள்வியை அவர் தூக்கி எறியவில்லை. அதற்கு வேறு விடை கண்டார்.

புதிய வடிவம் 1980களின் இறுதியிலும் 1990களிலும் அமெரிக்காவில் எழுந்தது. அதன் முக்கிய அறிவியலாளர் மைக்கேல் பீஹி, ஓர் உயிர் இரசாயனவியலாளர். பூமி பழையது என்பதையும், உயிர்களுக்குப் பொது மூதாதை உண்டு என்பதையும் அவர் ஏற்கிறார். பலருக்கு இது தெரியாது. அவர் மறுப்பது, இயற்கைத் தேர்வும் விகாரமும் மட்டும் போதும் என்பதைத்தான். 1996இல் அவர் வைத்த வாதம் எலிப்பொறி உவமையில் நிற்கிறது. பலகை, கம்பி, சுருள், கொக்கி, எதை எடுத்தாலும் பொறி வேலை செய்யாது. அரைப் பொறி அரை எலியைப் பிடிக்காது. ஆகவே படிப்படியாக வரமுடியாது. பற்றீரியா நீந்தப் பயன்படுத்தும் சவுக்குமுளையும் அப்படித்தான். நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை சுழலும் அந்த மோட்டாரில் ஒரு முக்கிய பாகம் போனாலும் சுழற்சி நின்றுவிடும். பெடியன் வீடியோவில் பார்த்தது இதைத்தான்.

இந்த வாதத்தைக் கேட்டு வியந்தவர்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். அந்த மோட்டாரின் படத்தை முதன்முதல் பார்த்தபோது நானும் வாயடைத்துத்தான் போனேன்.

ஆனால் வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. ஒரு பாகம் இன்று செய்யும் வேலையைத்தான் தொடக்கத்திலும் செய்தது என்று அது எடுத்துக்கொள்கிறது. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டோம். டைனமோ செய்தவர் விளக்கை நினைத்துச் செய்தார். றேடியோ அவர் மனதில் இல்லை. எங்கள் உதாரணத்தில் மாற்றியது மனிதக் கை, அது வேறு விஷயம். நான் காட்டவருவது பாகம் வேலை மாறும் என்பதை மட்டும். உயிர்களில் அந்த மாற்றத்தைத் தேர்வு செய்கிறது. சவுக்குமுளையின் அடிப்பகுதிப் புரதங்களில் பலதுக்கு மிக நெருங்கிய புரதங்கள் வேறொரு கருவியில் இருக்கின்றன. கொள்ளைநோய்ப் பற்றீரியா போன்றவை எங்கள் கலங்களுக்குள் நஞ்சை ஏற்றப் பயன்படுத்தும் ஊசி அது. சுழலும் வால் அதில் இல்லை. இந்த இரண்டில் எது முந்தியது என்று ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் பாகங்களில் ஒரு பகுதி மட்டும் இருந்தாலும் பயனுள்ள வேலை நடக்கும் என்பது கண்முன்னே இருக்கிறது. ‘அரைப் பொறியால் பயனில்லை’ என்பது அங்கே விழுந்துவிட்டது.

பீஹி 2007இல் வைத்த இன்னொரு வாதம் எங்கள் வீட்டு வாசலுக்கே வருகிறது. குளோரோகுயினுக்கு மலேரியா ஒட்டுண்ணி ஈடுகொடுக்கத் தொடங்கிய கதை அது. அந்த எதிர்ப்பு தோன்றுவது எவ்வளவு அரிது என்பதற்கு மலேரியா ஆய்வாளர் ஒருவர் தந்த கணக்கை அவர் எடுத்தார்: ஒன்றுக்குப் பின் இருபது சைபர் போட்ட எண்ணிக்கையான ஒட்டுண்ணிகளில் ஒரு தடவை. குறைந்தது இரண்டு விகாரங்கள் சேரவேண்டியிருப்பதால்தான் இவ்வளவு அரிது என்பது அவர் வாதம். கூர்ப்பால் தாண்டமுடிந்த எல்லை ஏறத்தாழ இதுதான் என்றார். 2014இல் அந்த எதிர்ப்பைத் தரும் ஒட்டுண்ணிப் புரதத்தை ஆய்வுகூடத்தில் படிப்படியாக மாற்றிப் பார்த்தார்கள். மருந்தை வெளியேற்றும் ஆற்றல் சிறிதளவு வரவே இரண்டு மாற்றங்கள் வேண்டும் என்பது தெரிந்தது. அந்த அளவில் அவர் சொன்னது சரி, அதை மறைப்பது நியாயம் இல்லை. ஆனால் அதே ஆய்வு, அதற்குமேல் மாற்றம் ஒவ்வொன்றாகச் சேரச்சேர ஆற்றல் ஏறும் வழிகளையும் காட்டியது. அது மதில் இல்லை, படிக்கட்டு. முதல் படி மட்டும் உயரம்.

என் கருத்தில், வடிவமைப்பு வாதத்தின் உண்மையான பலவீனம் இந்தத் தனித்தனி உதாரணங்களில் இல்லை. வடிவமைத்தவர் எப்போது செய்தார், எப்படிச் செய்தார், எதைச் செய்யமாட்டார் என்று அது ஒன்றும் சொல்வதில்லை. முல்லைத்தீவுக் கரையில் வாங்கும் கணவாயின் கண்ணில் நரம்புகள் விழித்திரைக்குப் பின்னால் போகின்றன. எங்கள் கண்ணில் முன்னால் வந்து, பின்பு ஓரிடத்தில் துளைத்துக்கொண்டு வெளியேறுவதால் குருட்டுப் புள்ளி ஒன்று இருக்கிறது. கூர்ப்பில் இதற்குக் காரணம் உண்டு: இரண்டு கண்ணும் வேறு வேறு வழியில், கையில் இருந்ததை வைத்து உருவானவை. வடிவமைப்பில் கணவாய்க்கு ஒருவிதம், எங்களுக்கு ஒருவிதம் என்பதற்கு ‘அவர் அப்படி விரும்பினார்’ என்பதைத் தவிர விடை இல்லை. எதைக் கண்டாலும் பொருந்தும் விடையைப் பரிசோதிக்க வழியில்லை. நிறமூர்த்தக் கதையில் கூர்ப்பு தன் கழுத்தை நீட்டியதல்லவா, அப்படி நீட்டும் இடம் இங்கே இல்லை.

டோவர் வழக்கு

2004இல் பென்சில்வேனியா மாநிலத்தின் டோவர் என்ற சிற்றூர்ப் பாடசாலைச் சபை, ஒன்பதாம் வகுப்பு உயிரியலில் அறிவார்ந்த வடிவமைப்பையும் ஒரு மாற்று விளக்கமாக மாணவருக்கு அறிவிக்கவேண்டும் என்று தீர்மானித்தது. பெற்றோர் 11 பேர் வழக்குப் போட்டார்கள். 2005இல் ஆறு வாரம் விசாரணை நடந்தது. பீஹி ஒரு பக்கம் சாட்சி சொன்னார். மறுபக்கம் சாட்சி சொன்ன உயிரியலாளர் கெனத் மில்லர், நான் மேலே எழுதிய நிறமூர்த்தக் கதையை அங்கே விளக்கினார். தன் வரைவிலக்கணப்படி பார்த்தால் சோதிடமும் ஓர் அறிவியற் கொள்கையாகிவிடும் என்பதைக் குறுக்கு விசாரணையில் பீஹி ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது.

வழக்கைத் திருப்பியது, மாணவர் பார்க்கும்படி சபை சுட்டிய வடிவமைப்புப் பாடநூல் ஒன்றின் பழைய கையெழுத்துப் பிரதிகள். 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரச பாடசாலைகளில் கூர்ப்பைக் கற்பித்தால் படைப்புவாதத்தையும் (உயிர்களைக் கடவுளே நேரடியாகப் படைத்தார் என்பது) கற்பிக்கவேண்டும் என்ற சட்டத்தைத் தள்ளியது. அதற்கு முந்திய பிரதிகளில் ‘படைப்புவாதிகள்’ என்று இருந்த இடங்களில், பிந்திய பிரதிகளில் ‘வடிவமைப்பு ஆதரவாளர்கள்’ என்று இருந்தது. ஓரிடத்தில் பழைய சொல்லைச் சரியாக அழிக்காமல் புதியதைச் செருகியதால் இரண்டும் பிணைந்து அர்த்தமில்லாத ஒரு சொல்லாக நின்றது. இரண்டு இனங்களுக்கு இடைப்பட்ட உயிர்ச்சுவடு போல அந்தச் சொல் காட்டிக்கொடுத்தது. 2005 டிசம்பர் 20இல் நீதிபதி ஜோன் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பில், இது அறிவியல் அல்ல, மதக் கருத்தின் இன்னொரு வடிவம் என்று எழுதினார். அவரை நியமித்தவர் ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ்.

அப்படியென்றால் கடவுள்?

பெடியனின் அடுத்த கேள்வி இதுதான். அவன் வீட்டில் பரம்பரையாக மடு மாதாவுக்கு நேர்த்தி வைப்பவர்கள். நான் சைவம். இருவரும் ஒரே வகுப்பில் இருந்து இதைப் படிக்கிறோம்.

டோவரில் எதிரெதிராகச் சாட்சி சொன்ன பீஹியும் மில்லரும் கத்தோலிக்கர்கள். கூர்ப்பு வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரே சொன்னார். ஆகவே இந்தச் சண்டையைக் கடவுளை நம்புபவர், நம்பாதவர் என்று பிரிப்பது சரியாகாது. உயிர் எப்படி வேறு வேறு வடிவம் எடுத்தது என்பதைக் கூர்ப்பு சொல்கிறது. முதல் உயிர் எப்படி வந்தது என்பது தனிக் கேள்வி, அதில் இன்னும் ஆய்வு நடக்கிறது. உலகம் ஏன் இருக்கிறது என்பது அதைவிட வேறு கேள்வி. அதற்கு நுணுக்குக்காட்டியில் விடை தேடுவதில்லை.

எங்கள் பக்கத்திலும் ஒரு தவறு நடக்கிறது. புல், பூடு, புழு, மரம் என்று பிறவிகளை அடுக்கும் சிவபுராண வரிகளைக் காட்டி, கூர்ப்பை அன்றே சொல்லிவிட்டார்கள் என்று மேடையில் பேசுகிறார்கள். அந்த வரிகளை ஓதும்போது எனக்கும் நெஞ்சு இளகும். ஆனால் அங்கே ஓர் உயிர் பல பிறவி எடுத்து இளைக்கிறது. கூர்ப்பில் ஒரு கூட்டம் தலைமுறை தலைமுறையாக மாறுகிறது. இரண்டையும் ஒன்றாக்கினால் பக்தியும் கெடும், பாடமும் கெடும்.

2012 ஒக்டோபருக்குப் பிறகு இலங்கைக்குள் தொற்றிய மலேரியா நோயாளர் இல்லை என்ற நிலையில், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் எங்களை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில், கிணறுகளில் பெருகும் புதிய அனோபிலிசு வகை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் ஸ்டீபென்சி அது. இதைச் சொன்னதும் பெடியன் வீடியோவை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டான்.

“அதுக்கு எந்த மருந்து கேக்கும், எது கேக்காது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது, ரீச்சர்?”

மருந்து தோய்த்த தாளைக் குழாய்க்குள் சுற்றி வைத்து, நுளம்புகளை ஒரு மணி நேரம் அதற்குள் விடுவார்கள். பிறகு வேறு குழாய்க்கு மாற்றி, 24 மணி நேரம் கழித்து எத்தனை செத்தன என்று எண்ணுவார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறைவாகச் செத்தால், அந்தக் கூட்டத்தில் எதிர்ப்பு வந்துவிட்டது. எஞ்சியவை ஏன் எஞ்சின என்று அவன் கேட்டான். அடுத்த சனிக்கிழமை வகுப்பை அங்கேயிருந்து தொடங்கினோம்.